நிற்காத எடை

அடுப்பில் வைத்து எடுத்த பொருள் எடை குறையும். ஈரம் போனால் குறையத்தான் வேண்டும். இதைச் சொல்ல வேதியியல் பட்டம் வேண்டாம், வடகம் காயப்போட்ட யாருக்கும் தெரியும். ஆனால் நவம்பர் முதல் வாரத் திங்கட்கிழமை, கிள்ளானில் எங்கள் லேப்பில், நூற்று மூன்று டிகிரியில் மூன்று மணி நேரம் காய்ந்த கிண்ணத்தை எடை போட்டுவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் காயவைத்து மறுபடி எடை போட்டால், ஏழு மில்லிகிராம் கூடியிருந்தது. நான் தராசைப் பார்த்தேன். திரும்பவும் ஓவனில் வைத்து எடுத்தேன். இந்தத் தடவை ஒன்பது கூடியிருந்தது. அந்த மில்லிகிராமைக் கையில் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது.

என் பெயர் உமா. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. துறைமுகத்துக்குப் போகிற சரக்கில் ஒரு பிடி எடுத்து, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் செம்பனைப் புண்ணாக்கு, பாமாயில் மரத்துக் கொட்டையில் எண்ணெய் எடுத்த சக்கை. மாட்டுத் தீவனமாகக் கப்பலேறுகிற அந்தப் புண்ணாக்கில் ஈரம் கூடினால், போய்ச் சேருவதற்குள் பூசணம் பிடித்துவிடும். அதனால் எங்கள் எண் வந்த பிறகுதான் லோரி கிளம்பும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது லேப்பில் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரியும்.

செய்முறை எளிது. மாதிரியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் காயவைக்க வேண்டும், ஆறவிட வேண்டும், எடை போட வேண்டும். மறுபடி காயவைத்து, ஆறவிட்டு, எடை போட வேண்டும். இரண்டு எடைக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிகிராமுக்குள் வந்தால் எடை நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆறவிடுவதில்தான் சூட்சுமம். கிண்ணத்தை மேசையில் வைத்து ஆறவிட்டால், கிள்ளான் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். அதற்காகத்தான் டெசிக்கேட்டர் வைத்திருக்கிறோம். பெரிய ஊறுகாய் ஜாடி அளவுக்குக் கனத்த கண்ணாடிப் பாத்திரம். அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீலக் குருணை, சிலிக்கா ஜெல். நடுவில் ஓட்டை போட்ட பீங்கான் தட்டு. மேலே குமிழ் வைத்த கண்ணாடி மூடி. மூடியும் பாத்திரமும் சேருகிற விளிம்பில் கிரீஸ் தடவியிருப்பதால் காற்று புகாது. நன்றாகப் பிடித்த மூடியைத் தூக்க முடியாது. இரண்டு கையாலும் பக்கவாட்டில் தள்ளித்தான் திறக்க வேண்டும்.

எங்கள் டெசிக்கேட்டரின் முன்பக்கத்தில் ஆயுத பூஜையின் விபூதிப் பட்டை இன்னும் இருந்தது. நடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஒரு மாதம் ஆகியும் அழியவில்லை, ஏனென்றால் அதை யாரும் துடைக்கக் கூடாது என்பது என் உத்தரவு. காரணம் இருந்தது. போன வருஷம் பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே, எங்கள் கிளீனர் தனலெட்சுமி எல்லாப் பொட்டையும் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டாள். அடுத்த வாரமே பெரிய ஓவனின் சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிப் போனது. நான் விஞ்ஞானம் படித்தவள், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் வீட்டில் அம்மா, "மறுநாளே தொடைச்சா அப்படித்தான் ஆவும்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கோ ஒட்டிக்கொண்டது. இந்த வருஷம் அம்மா கொடுத்தனுப்பிய விபூதியை நானே தண்ணீரில் குழைத்து, தராசு, ஓவன், டெசிக்கேட்டர் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பூசினேன். புகை அலாரம் அடிக்கும் என்பதால் மேனேஜர் தியாகராஜன் வாசலுக்கு வெளியே நின்று சூடம் காட்டினார். எல்லாரும் சுண்டல் சாப்பிட்டோம். என்னோடு வேலை செய்யும் ஃபாரா அதைப் போனில் படம் எடுத்தாள்.

இந்தத் திங்கட்கிழமை ஓவனில் இருந்தது சாதாரணச் சரக்கு இல்லை. பரீட்சை. ஒரே புண்ணாக்கைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி முப்பது லேப்புகளுக்கு அனுப்புவார்கள். எல்லாரும் ஈரம் பார்த்து எண்ணை அனுப்ப வேண்டும். யார் எண் கூட்டத்தோடு சேரவில்லையோ அவர் ஃபெயில். போன தடவை நாங்கள் ஃபெயில், அது வேறு கதை. இந்தத் தடவையும் ஃபெயிலானால் அந்தச் சோதனையை எங்கள் சான்றிதழிலிருந்தே எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எண் போயாக வேண்டும். எண் நிற்காவிட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. தராசுக்குப் படிக்கல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஓவனுக்குள் வேறு தெர்மாமீட்டர் வைத்தேன், அதுவும் சரி. டெசிக்கேட்டர் அடியில் நீலக் குருணை வெளிர் ரோஸ் நிறமாகியிருந்தது. ஈரம் குடித்தால் அப்படித்தான் நிறம் மாறும். முந்தின வெள்ளிதான் மாற்றியது. மூன்று வாரம் வரவேண்டியது ஒரு வாரம்கூட வரவில்லை. குருணை விற்ற சுகுமாறனுக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஜெல்லு புதுசு லா. சீல் ஒடைக்காத டின்னு" என்றான். "மத்த லேப்லாம் இதான் வாங்குறாங்க. யாரும் கம்ப்ளேன் பண்ணல."

"மத்தவங்க கண்ண மூடிக்கிட்டு வேல பாக்குறாங்க போல."

"மழ காலம் மேடம். ஏர்கோன் போட்டு வச்சிருக்கீங்களா?"

"போட்டுத்தான் இருக்கு. நான் சுவெட்டரோட ஒக்காந்திருக்கேன். வந்து பாக்குறியா?"

அவன் வரவில்லை. குருணையைத் தட்டில் கொட்டி ஓவனில் வறுத்தேன். மறுபடி நீலமானது. டெசிக்கேட்டரில் போட்டேன். புதன்கிழமை காலை வந்து பார்த்தால் ஓரத்தில் ரோஸ். அன்று கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி, குடை திருப்பிக்கொள்ள, முழங்கால் வரை நனைந்து லேப்புக்கு வந்திருந்தேன். செருப்பு சளக் சளக்கென்றது. பொட்டலத்தில் முக்கால்வாசி தீர்ந்து, இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் புண்ணாக்கு மிச்சம். மண்டை காய்ந்து போய் நின்றிருந்தேன்.

அப்போதுதான் கழுவி வைத்திருந்த கிண்ணங்களில் ஒன்றைக் கையில் எடுத்தேன். உள் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"தனம்!"

தனலெட்சுமி கழுவுமிடத்திலிருந்து ரப்பர் உறையோடு ஓடி வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். துப்புரவு கம்பெனி ஒன்றின் மூலமாக எங்களிடம் வேலை செய்கிறாள். எட்டு வருஷமாக எங்கள் கண்ணாடிச் சாமான் எல்லாம் அவள் கையில்தான். எட்டு வருஷத்தில் உடைத்தது மூன்று பிப்பெட், ஒரு பீக்கர்.

"இது என்னாது?"

"தண்ணி மேடம்."

"தண்ணின்னு எனக்குத் தெரியாதா? நான் இங்க மூணு நாளா ஏழு மில்லிகிராம் எங்கேருந்து வருதுன்னு உயிர விட்டுக்கிட்டு இருக்கேன். நீ ஈரக் கிண்ணத்தத் தூக்கிக் குடுக்குற!"

"அது இன்னும் ஓவன்ல போகல மேடம். இப்பதான் கழுவி வச்சேன். ஃபாரா எடுத்துக் காயவச்சதுக்கப்பறந்தான்…"

"வாய் பேசாத."

ஃபாரா தலையைக் குனிந்துகொண்டாள். தனம் சொன்னது சரி. கழுவிய கிண்ணம் ஓவனில் காய்ந்த பிறகுதான் வேலைக்கு வரும். அது எனக்குத் தெரியும், நானே எழுதி வைத்த முறை அது. ஆனால் மூன்று நாளாகக் கையில் அகப்படாத ஏதோ ஒன்று கடைசியில் கையும் களவுமாக அகப்பட்டது போல இருந்தது. அதை விட மனசில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த மாதப் பட்டியலைப் பார்த்தேன். டெசிக்கேட்டரின் விளிம்பைத் துடைத்துப் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதுசு தடவுவது மாதம் ஒரு முறை. அது தனத்தின் வேலை. ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு கட்டத்திலும் அவள் கையெழுத்து இருந்தது. ஒரு 'த', அதற்கு ஒரு வால். அக்டோபர் கட்டம் காலி. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. உட்கார்ந்து குறைபாட்டு அறிக்கையைத் தட்டினேன். காரணம் ஒன்று, கிண்ணங்கள் சரியாகக் காயவைக்கப்படவில்லை. காரணம் இரண்டு, அக்டோபரில் டெசிக்கேட்டர் கிரீஸ் மாற்றப்படவில்லை. பொறுப்பு, துப்புரவுப் பணியாளர்.

தியாகராஜன் அதைப் படித்துவிட்டு மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். அவருக்கு வேதியியல் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

"நல்லவேள உமா. மெஷின் கோளாறுன்னா ஹெட் ஆபிஸ்ல என் தலைய உருட்டுவாங்க. ஆளுன்னா ஈசி. மாத்திரலாம்."

"மாத்தணுமா?"

"காரணம் கண்டுபிடிச்சா நடவடிக்க எடுத்ததா காட்டணும்ல? கம்பெனிக்குப் போன் போட்டு வேற ஆள் கேக்குறேன். இவங்கள செராஸ்ல ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல போட்டுக்குவாங்க. வேல ஒண்ணும் போகாது."

எனக்குத் தெரியும், போகும். தனம் கிள்ளானில் இருக்கிறாள். மதியம் ஒரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் தமிழ்ப்பள்ளியிலிருந்து மகளை ஏற்றி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்புவாள். அதற்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பாள். கோலாலம்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற செராஸிலிருந்து ஒரு மணிக்கு எப்படி வருவது? அதைத் தியாகராஜனிடம் சொல்லியிருக்கலாம். எண் நிற்க வேண்டுமே என்ற எரிச்சலில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை, அறிக்கையில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தனத்தைக் கூப்பிட்டேன். அவள் நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கிண்ணத்தைப் பற்றி எழுதியிருந்ததைக் கடந்து போனாள். இரண்டாவது காரணத்தில் விரலை வைத்தாள்.

"அக்டோபர்ல கிரீஸ் மாத்தலன்னு போட்டிருக்கீங்க மேடம்."

"மாத்துனியா? கட்டம் காலியா இருக்கே."

"மாத்தல."

"அப்பறம்?"

"நீங்கதான தொடாதன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?"

"பூச முடிஞ்ச மறுநா. துணியும் கையுமா வந்து நின்னேன். 'சாமி பொட்டு, அதுவா உதிர்ற வரைக்கும் கைய வச்ச, அப்பறம் பாரு'ன்னீங்க. ஃபாரா இருந்தாங்க."

"பொட்டத்தான தொடாதன்னேன். விளிம்பத் தொடாதன்னா சொன்னேன்?"

"பொட்டு அங்கதான மேடம் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் கூட்டவில்லை. பேனாவை எடுத்து 'த' போட்டு வால் இழுத்துவிட்டு, கழுவுமிடத்துக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் டெசிக்கேட்டர் முன்னால் போய் நின்றேன். விபூதிப் பட்டை மூன்று. மேல் பட்டை மூடியின் மேல். கீழ்ப் பட்டை பாத்திரத்தின் மேல். நடுப் பட்டை சரியாக, அளவெடுத்தது போல, இரண்டும் சேருகிற விளிம்பின் மேல். ஒரு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த மூடியைத் தள்ளித் திறந்து மூடியிருக்கிறோம். இரண்டு கையால் தள்ள வேண்டிய மூடி இப்போதெல்லாம் ஒரு கையால் நகர்ந்தது. அது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது.

கிரீஸ் நன்றாகப் பிடித்திருந்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும். காற்று புகுகிற இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்வது நான்தான். மூன்று நாளாக அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் தெளிவாக இருந்தது. முன்பக்கம் மட்டும் வெள்ளை. அது விபூதி என்று விட்டுவிட்டேன்.

மூடியைத் தள்ளி எடுத்துக் கவிழ்த்தேன். கிரீஸோடு சாம்பல் கலந்து, விளிம்பில் கால்வாசி தூரத்துக்குச் சாம்பல் நிறப் பசையாக அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. எல்லாவற்றையும் வழித்தேன். பொட்டையும் துடைத்தேன், பட்டையையும் துடைத்தேன். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே துடைத்து, பழைய டியூபில் மிச்சமிருந்த கிரீஸைத் தடவினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கோபம், ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. ஃபாரா மெதுவாக வந்து வறுத்து வைத்திருந்த நீலக் குருணையைக் கொட்டினாள். எதுவும் கேட்கவில்லை. பூஜைக்கு மறுநாள் என் பக்கத்தில் நின்றவள்தானே, அவளுக்குத் தெரியாததா?

பத்து மணிக்குக் கடைசிப் புண்ணாக்கை ஓவனில் வைத்தோம். இரண்டு மணிக்கு முதல் எடை. நாலு மணிக்கு இரண்டாவது எடை. வித்தியாசம் பூஜ்யம் தசம் ஆறு மில்லிகிராம். எடை நின்றுவிட்டது. மூன்று நாளாக எதற்காக எல்லார் மேலும் எரிந்து விழுந்தேனோ அது கிடைத்துவிட்டது, ஆனால் தனம் கையெழுத்துப் போட்ட அறிக்கை இன்னும் என் மேசையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே எண்ணை அனுப்பிவிட்டு, தியாகராஜன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நம்பர் போயிருச்சில்ல? அப்பறம் ஏன் இதக் கெளர்றீங்க?"

"ரிப்போர்ட்ல காரணம் தப்பு, மிஸ்டர் தியாகு. மாத்தி எழுதணும்."

"என்னான்னு எழுதுவீங்க? விபூதின்னா? ஹெட் ஆபிஸ்ல இருக்கிறவங்களுக்கு விபூதின்னா என்னான்னு தெரியுமா? மெஷின்ல சாம்பலத் தடவுனாங்கன்னுதான் புரியும். அடுத்த வருசம் பூசையே வேணாம்னுருவாங்க. கீழ ஸ்டோர்ல இருக்கிற பசங்க, லோரி டிரைவருங்க, எல்லாரும் ஒங்களத்தான் கேப்பாங்க."

"சூடம் காட்டுனது நீங்கதான?"

"அதனாலதான் சொல்றேன்." அவர் குரலைத் தணித்தார். "ஃபாரின் பார்ட்டிகல்ஸ்னு போடுங்க. வெளித்துகள். பொய்யில்ல, உண்மதான?"

"அப்ப கிரீஸ் ஏன் மாத்தலன்னு கேப்பாங்க. அந்தக் கட்டம் தனத்தோட கட்டம்."

"உமா, நல்லா யோசிங்க. நீங்க சொல்லித்தான் மாத்தலன்னு எழுதுனா, ஒங்க சிக்னேட்டரியத் தூக்கிருவாங்க. அப்பறம் யாரு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறது?"

அதுதான் எனக்கு உறைத்தது. லேப்பிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு முடிவிலும் கையெழுத்துப் போடுகிற உரிமை என்னுடையது. அதை வாங்க எனக்குப் பதினான்கு வருஷம் ஆனது. மூன்று பரீட்சை, இரண்டு நேர்காணல். பொட்டு வைத்ததற்காக அதைக் கொடுப்பதா? என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். 'வெளித்துகள்' என்று தட்டினேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆண்டவன் சத்தியமாக, அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தேன். நாலு மணி வரை அது திரையிலேயே இருந்தது.

நாலே காலுக்குத் தனம் வந்தாள். அன்று அவளுக்கு எங்களிடம் கடைசி நாள். திங்கட்கிழமை செராஸ். ரப்பர் உறை, லாக்கர் சாவி, அடையாள அட்டை எல்லாவற்றையும் வரிசையாக என் மேசையில் வைத்தாள். கடைசியாக ஒரு சின்ன டியூபை வைத்தாள்.

"இது லேப் சாமான் மேடம். என் லாக்கர்ல இருந்திச்சி."

டெசிக்கேட்டருக்குத் தடவுகிற கிரீஸ். மூடியைச் சுற்றி இருக்கிற சீல் அப்படியே இருந்தது.

"அக்டோபருக்குன்னு ஸ்டோர்ல எடுத்தது. பூச மறுநா நீங்க வேணாம்னதும் லாக்கர்ல வச்சிட்டேன். தெறக்கல."

"திங்கக்கெழம புள்ளைய யாரு ஏத்துவா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பக்கத்து வீட்டு இராஜம்மாக்கா ஏத்துறேன்னாங்க. எத்தன நாளைக்கின்னு தெரியல." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வரேன் மேடம்."

அவள் போன பிறகு அந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் துணியோடு மட்டும் வரவில்லை. இதையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை, கத்தினேன்.

'வெளித்துகள்' என்பதை அழித்தேன். ஆங்கிலத்தில் திருத்தமாக எழுதினேன். ஆயுத பூஜையன்று மூத்த வேதியியலாளர் உமா, டெசிக்கேட்டரின் மூடியும் பாத்திரமும் சேருமிடத்தில் விபூதி பூசினார். அதைத் துடைக்கக் கூடாதென்று பணியாளருக்கு வாய்மொழியாக உத்தரவிட்டார். அதனாலேயே அக்டோபர் மாதக் கிரீஸ் மாற்றப்படவில்லை. கிண்ணங்களைப் பற்றி முன்பு எழுதியது தவறு. பணியாளர் மீது பிழை இல்லை. இனி விபூதி, சந்தனம் எல்லாம் மேசைக்கும் சுவருக்கும் மட்டும், கருவிகளுக்குக் கிடையாது. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன், தியாகராஜனுக்கும் ஹெட் ஆபிஸுக்கும் ஒரே நேரத்தில். அவர் அறையிலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. மூன்று மாதத்துக்கு என் கையெழுத்துரிமை நிறுத்தம், அதுவரை ஃபாரா போடுவாள். பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தியாகராஜன் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தார். பிறகு துப்புரவுக் கம்பெனிக்குப் போன் போட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் அனுப்பிய புது ஆளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தனத்தை அனுப்ப இரண்டு நாள் ஆனது.

புதன்கிழமை காலை அவள் வந்தாள். எப்போதும் போலக் கைப்பையை மாட்டிவிட்டு ரப்பர் உறையைப் போட்டாள். நான் எழுந்து போனேன். வீட்டிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போதே என்னென்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். பாதிதான் வாயில் வந்தது.

"தப்பு என்னுது, தனம். கத்துனது, எழுதுனது, ரெண்டும்."

"பரவால்ல மேடம்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செராஸ்ல எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு நாளு புள்ள ஸ்கூல் கேட்டுலயே நின்னுக்கிட்டு இருந்திச்சி. இராஜம்மாக்காவுக்கு வேல முடிய ரெண்டர ஆவுது."

நான் சீல் உடைக்காத அந்த டியூபை எடுத்து நீட்டினேன். "போன வாரம் அவசரத்துல பழைய டியூபத்தான் தடவுனேன். நல்லா பண்ணல. நீயே ஒருவாட்டி வழிச்சிட்டுப் புதுசாத் தடவிரு."

அவள் கையை நீட்டவில்லை.

"எழுதிக் குடுங்க மேடம்."

"என்னாத்த?"

"விளிம்பத் தொடைக்கலாம், கிரீஸ் மாத்தலாம்னு. தேதி போட்டு."

"இதுக்கெல்லாமா எழுதுவாங்க?" என் குரல் ஏறிவிட்டது. ஃபாரா நிமிர்ந்து பார்த்தாள். தனம் பின்வாங்கவில்லை, கோபப்படவும் இல்லை. கழுவுமிடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வாயால சொல்றது எனக்கு வேணாம் மேடம். இனிமே எதுன்னாலும் எழுதிக் குடுங்க. செய்யிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குப் போனேன். துண்டுக் காகிதம் எடுத்து எழுதினேன். டெசிக்கேட்டர் விளிம்பைத் துடைத்துக் கிரீஸ் மாற்றவும். தேதி. உமா. அவள் அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, நாலாக மடித்து, போன் உறைக்குள் செருகிக்கொண்டாள். பிறகுதான் டியூபின் சீலை உடைத்தாள். பத்து நிமிஷத்தில் விளிம்பு முழுவதும் கண்ணாடியாகத் தெரிந்தது. மூடியைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பட்டியலில் நவம்பர் கட்டத்தில் அவள் 'த' போட்டு வால் இழுத்தாள். அக்டோபர் கட்டத்தைத் தாண்டிப் போனாள், நானும் அதில் எதுவும் எழுதச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் அவளுக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுதுகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஃபாரா ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறாள். இந்த மூன்று மாதமும் இந்த லேப்பில் என் கையெழுத்து செல்லுபடியாவது தனத்தின் போன் உறைக்குள் இருக்கிற அந்தக் காகிதங்களில் மட்டும்தான்.